டைக்கிரி: மூணே பொருள், ஒரு குலுக்கல்... ரம் காக்டெயிலுக்குள் என்ன நடக்கிறது?

காக்டெயில் மெனு கார்டைத் திறந்தால் பாதிப் பெயர்கள் புரியாது. ஆனால், அவற்றில் பலவற்றுக்கு அடிப்படைக் கணக்கு ஒன்றுதான்: கொஞ்சம் மது, கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் இனிப்பு. இதை எளிதாகப் புரிந்துகொள்ள கியூபாவின் 'டைக்கிரி'யைப் பார்த்தால் போதும். வெள்ளை ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை. அவ்வளவுதான். ரம்மை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நம்மூர் லெமன் ஜூஸ்! இந்தக் காக்டெயிலிடம் உஷாராக இருக்க வேண்டியதற்கும் அதுவே காரணம்.

பெயர் எங்கிருந்து வந்தது?

கியூபாவின் கிழக்கே, சாண்டியாகோ டி கியூபா நகருக்கு அருகில் உள்ள கடற்கரைப் பகுதி டைக்கிரி. ஒரு காலத்தில் இரும்புச் சுரங்கங்கள் இருந்த இடம். 1898-ல் ஸ்பெயினுடன் நடந்த போரின்போது அமெரிக்கப் படைகள் வந்து இறங்கியதும் இங்கேதான். அந்தக் காலகட்டத்தில் சுரங்கத்தில் வேலை பார்த்த ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர்தான் இந்தக் கலவைக்கு ஊர்ப் பெயரையே வைத்தார் என்பார்கள். பின்னாளில் ஹவானாவின் 'எல் ஃப்ளோரிடிட்டா' பார் இதைப் பிரபலமாக்கியது. எழுத்தாளர் ஹெமிங்வே அங்கே ரெகுலர் கஸ்டமர். சர்க்கரை வேண்டாம், ரம் டபுள் என்பது அவர் ஸ்டைல்.

ரம்: கரும்பின் கடைசிச் சொட்டு

கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையைப் பிரித்தெடுத்த பிறகு, கறுப்பாக, பிசுபிசுவென்று ஒரு பாகு மிஞ்சும். அதுதான் மொலாசஸ். அதில் தண்ணீரும் ஈஸ்ட்டும் சேர்த்தால், மீதமிருக்கும் சர்க்கரையைத் தின்று ஈஸ்ட் ஆல்கஹாலை உருவாக்கும். அதைக் காய்ச்சி வடித்தால் ரம்.

வடித்து எடுக்கும்போது ரம்முக்கு நிறமே கிடையாது. மரப் பீப்பாயில் ஊறும்போதுதான் பொன்னிறமும் வாசனையும் ஏறும். சில டார்க் ரம்களில் நிறத்துக்காக கேரமலும் சேர்ப்பார்கள். கியூபா பாணி வெள்ளை ரம்மும் பீப்பாயில் ஊறுவதுதான். கரியில் வடிகட்டி நிறத்தை எடுத்துவிடுகிறார்கள். சுவை மென்மையாக இருப்பதால் எலுமிச்சையை அது அமுக்காது.

எலுமிச்சை, சர்க்கரை: எதுக்கு எது?

வெளிநாட்டு ரெசிபிகளில் வரும் 'லைம்', 'லெமன்' இரண்டும் வேறு வேறு. நம் சந்தையில் கிடைக்கும் சின்ன, உருண்டையான எலுமிச்சை, லைம் வகை. டைக்கிரிக்கு வேண்டியதும் அதுதான். பிழிந்து நேரமானால் சாற்றின் மணம் போய்விடும் என்பதால் அப்போதே பிழிவது வழக்கம்.

சர்க்கரையின் வேலை இனிப்புக் கூட்டுவது மட்டுமில்லை. புளிப்பின் கூர்மையையும் ஆல்கஹாலின் எரிச்சலையும் அது தணிக்கிறது. ஆனால், குளிர்ந்த மதுவில் சர்க்கரை லேசில் கரையாது. அதனால் முதலில் எலுமிச்சைச் சாற்றில் கரைத்துக்கொள்வார்கள்.

கணக்கில் வராத நாலாவது பொருள்

சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் அளவு இது: வெள்ளை ரம் 60 மி.லி., எலுமிச்சைச் சாறு 20 மி.லி., பொடித்த சர்க்கரை 2 பார் ஸ்பூன், அதாவது கிட்டத்தட்ட 2 டீஸ்பூன். ஷேக்கரில் நிறைய ஐஸ் போட்டு, நன்றாகக் குலுக்கி, குளிர்ந்த கிளாஸில் வடிகட்ட வேண்டும்.

குலுக்கும்போது கலவை குளிர்கிறது. கூடவே ஐஸும் உருகுகிறது. கிளாஸுக்கு வருவதில் ஏறக்குறைய கால் பங்கு இப்படிச் சேர்ந்த தண்ணீர்தான். அது இல்லாவிட்டால் டைக்கிரி தொண்டையைச் சுடும்.

சரி, போதை எங்கே போச்சு?

எங்கேயும் போகவில்லை. 40 சதவீத ரம் 60 மி.லி. என்றால், அதில் 24 மி.லி. தூய ஆல்கஹால் இருக்கிறது. எடையில் சுமார் 19 கிராம். 5 சதவீத பீர் 330 மி.லி. பாட்டிலில் இருப்பது சுமார் 13 கிராம். ஆக, ஒரு சின்ன கிளாஸ் டைக்கிரி, ஒன்றரை பாட்டில் பீருக்குச் சமம். நாக்குக்கு மட்டும் அது ஜூஸ் மாதிரி தெரியும். எரிச்சல் இல்லாததால் மடமடவென்று உள்ளே போய்விடும். இரண்டாவது கிளாஸும் சீக்கிரமே வந்துவிடும்.

'எலுமிச்சை போதையை முறிச்சிடும்' என்று நம்மூரில் ஒரு நம்பிக்கை உண்டு. கிளாஸில் கலந்தாலும் சரி, தலையில் தேய்த்தாலும் சரி, எலுமிச்சை ரத்தத்தில் உள்ள ஆல்கஹாலைக் குறைக்காது. கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். ஒரு டைக்கிரியை அது முடித்துவைக்க, ஆளைப் பொறுத்து இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். காபி, குளியல் எதுவும் அதை அவசரப்படுத்தாது.

இந்தியாவில் 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்துகொண்டு வண்டி ஓட்டினால் குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். குடிப்பதில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே கிடையாது என 2023-ல் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

எனவே, அடுத்த முறை மெனு கார்டில் ஒரு புதுப் பெயரைப் பார்த்தால், 'டேஸ்ட் எப்படி?' என்பதோடு 'இதில் மது எத்தனை மி.லி.?' என்றும் கேளுங்கள். வண்டிச் சாவி கையில் இருந்தால் கேள்வியே வேண்டாம். ரம் இல்லாத அதே லெமன் ஜூஸ் போதும்!