ஆற்றில் உப்புச் சேரும் வழி

1961-ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவிலிருந்து பாயும் கொலராடோ ஆறு மெக்சிகோவை உவர்நீராய் அடைந்தது; மெக்சிகாலிப் பள்ளத்தாக்கின் பயிர்கள் நலிந்தன. அரிசோனா வயல்களினின்று இறைத்துவிட்ட வடிநீரே உடனடிக் காரணம்.

ஆயினும் ஆறு நெடுந்தொலைவு மேலேயே உப்பை ஏற்கத் தொடங்குகிறது. கிராண்ட் பள்ளத்தாக்கின் மண்ணுக்கடியில், பழங்கடல் விட்டுச்சென்ற உப்புப் பொதிந்த களிப்பாறை உண்டு. வாய்க்காலின் கசிவும், வேர் உறிஞ்சியது போக எஞ்சிய நீரும் அதில் இறங்கி, உப்பைக் கரைத்துக்கொண்டு ஆற்றுக்குத் திரும்புகின்றன. பயிருக்கு நன்மையென்று மிகுதியாகப் பாய்ச்சும் நீரே கேட்டைச் சுமக்கிறது!

1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் அங்கு வாய்க்கால்களுக்குக் காரை பூசினர். கிளைகளுக்குப் பதிலாகக் குழாய்களைப் புதைத்தனர். அளவறிந்து பாய்ச்ச உழவருக்குப் பொருளுதவியும் கிடைத்தது. கரைந்த உப்பைப் பிரிப்பதோ பெருஞ்செலவு. யூமாவில் 1992-இல் கட்டி முடித்த உப்புநீக்கு நிலையம் பெரும்பாலும் இயங்காமலே இருந்து வருகிறது.