கல்லோடு வரும் சீட்டு

எங்கள் வீட்டில் இரண்டு அம்மோனைட்கள் உண்டு. ஒன்று பூஜையறையில், துளசி தளத்தோடு ஒரு சிறிய பித்தளைப் பெட்டிக்குள் இருக்கிறது. அதற்குத் தினமும் திருமஞ்சனம். இன்னொன்று என் மேசைமேல், காகிதங்கள் பறக்காமல் இருக்க. முதலாவது, நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றிலிருந்து எந்தத் தலைமுறையிலோ வந்து சேர்ந்த சாளக்கிராமம். இரண்டாவது மடகாஸ்கரிலிருந்து வந்தது. ஒரு கண்காட்சிக் கடையில் நான் பேரம் பேசி வாங்கியது. சாளக்கிராமத்துக்கு விலை பேசக் கூடாது என்பது சம்பிரதாயம். மடகாஸ்கர்க்காரருக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

இரண்டும் ஒரே குலம். கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் சொந்தக்காரர்கள். ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் தோன்றி, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் ஒழிந்த சமயத்தில் இவையும் ஒழிந்தன. சாளக்கிராமத்துக்குள் நாம் சக்கரம் என்று கும்பிடுவது பெரும்பாலும் இந்தப் பிராணியின் சுருள் ஓடு கறுத்த களிமண் பாறையில் பதித்துவிட்டுப் போன அச்சுதான். இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே கடல் இருந்தது என்பதற்குப் பூஜையறையிலேயே சாட்சி இருக்கிறது.

மேசைமேல் இருப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். தோசையைச் சுருட்டிக் குறுக்கே வெட்டியதுபோல், ஓட்டை நடுவில் அறுத்து மெருகு ஏற்றியிருக்கிறார்கள். உள்ளே சின்னச் சின்ன அறைகள், நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கிப் பெரிதாகிக்கொண்டே போகின்றன. பிராணி வளர வளர, முன்னால் நகர்ந்து, தனக்குப் பின்புறம் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பிக்கொள்ளும். கடைசி அறையில்தான் அது குடியிருந்தது. காலி செய்த அறைகளில் இருந்த வாயு அதை நீரில் மிதக்க வைத்தது. அறைகளுக்கு ஊடே, ஓட்டின் வெளிவிளிம்பை ஒட்டி, ஒரு மெல்லிய குழாய் ஓடும். அறைகளிலிருந்த நீரை வெளியேற்றியது அதுதான்.

செத்த பிறகு நடந்ததையும் இந்த வெட்டுமுகத்தில் படிக்கலாம். குடியிருந்த அறைக்கு வாசல் திறந்திருந்ததால் சேறு புகுந்து நிரம்பிவிட்டது. அங்கே மங்கலான சாம்பல் நிறம். உள்ளறைகள் மூடிக் கிடந்தன. சேறு புகவில்லை, கனிமம் கரைந்த நிலத்தடி நீர் மட்டும் கசிந்தது. அதிலிருந்து கால்சைட் படிந்து, தேன் நிறப் படிகங்களாக வளர்ந்தது. நடுவே ஓர் அறை இன்னும் முழுசாக நிரம்பவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் அதன் சுவரெல்லாம் கற்கண்டு ஒட்டியதுபோல் மின்னும்.

இந்த மினுக்கத்துக்குத்தான் காசு கொடுத்தேன். அங்கேதான் ஏமாந்தேன் என்றும் சொல்லலாம். கல் போலி இல்லை. ஆனால் அதோடு வந்த சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: "மடகாஸ்கர், 11 கோடி ஆண்டு." எந்த ஊர், எந்த அடுக்கு, கூட என்னென்ன கிடைத்தன? ஒன்றும் இல்லை. தொல்லுயிர் ஆய்வாளர் ஒருவர் கையில் இதைக் கொடுத்தால், அழகாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பித் தந்துவிடுவார். ஃபாசில் வாங்குபவர்கள் கல்லைப் பார்க்கிறார்கள்; அவர் முதலில் சீட்டைத்தான் பார்ப்பார். எந்த அடுக்கிலிருந்து எடுத்தது என்று தெரியாத எலும்பு, பக்கம் கிழிக்கப்பட்ட புத்தகத்தின் தனித்தாள் மாதிரி.

போலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் அதற்கு நீண்ட பரம்பரை உண்டு. இங்கிலாந்தின் விட்பி கடற்கரையில் அம்மோனைட்கள் ஏராளம். புனித ஹில்டா பாம்புகளையெல்லாம் கல்லாக்கிவிட்டார் என்பது அந்த ஊர்க் கதை. பாம்பு என்றால் தலை வேண்டாமா? வியாபாரிகள் ஓட்டின் நுனியில் ஒரு பாம்புத் தலையைச் செதுக்கி விற்றார்கள். விஞ்ஞானிகளும் சளைத்தவர்கள் இல்லை, ஓர் அம்மோனைட் பேரினத்துக்கு ஹில்டோசெரஸ் என்றே பெயர் வைத்தார்கள்.

இதைவிடப் பெரிய கதை பிரேசிலிலிருந்து. அங்கே கிடைத்த ஒரு டைனோசர் மண்டையோட்டை ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் அருங்காட்சியகம் வாங்கியது. சுத்தம் செய்யத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது: விலை கூடட்டும் என்று யாரோ பூச்சுப் பூசி மூக்கை நீட்டிவிட்டிருக்கிறார்கள். ஆய்வாளர்களுக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. 1996இல் அந்தப் பிராணிக்கு அவர்கள் சூட்டிய பெயரே "இரிட்டேட்டர்".

இன்று கடைகளில் அதிகம் ஏமாற்றப்படுவது மொராக்கோவின் டிரைலோபைட் என்ற பழங்காலக் கடற்பிராணிகளின் ஃபாசில்களில். நிஜமானவையும் அங்கிருந்து குவிகின்றன. பிசினில் வார்த்தவையும் குவிகின்றன. ஒரு லென்ஸ் இருந்தால் பாதிக் கவலை தீரும். சின்னஞ்சிறு காற்றுக் குமிழித் துளைகள் தெரிந்தால் அது வார்ப்பு. ஒரே கடையில் அச்சு அசலாக ஒரே விரிசலோடு இரண்டு இருந்தால், லென்ஸே தேவையில்லை. அம்மோனைட்டில் வேறொரு அடையாளம் இருக்கிறது. மேலோடு தேய்ந்த இடத்தில், தடுப்புச் சுவர் ஓட்டோடு சேரும் கோடு தெரியும். அது நேர்கோடு இல்லை; பன்னத்தின் இலைபோல் மடிப்புக்குள் மடிப்பாக நெளியும். இனத்துக்கு இனம் நெளிவு மாறும். அதை உளியால் செதுக்கிக் கட்டுப்படியாகாது.

விற்பனையில் இவ்வளவு சிக்கல் இருக்கிறதென்றால், தனியார் யாரும் ஃபாசிலைத் தொடவே கூடாதா? நான் அப்படி நினைக்கவில்லை. லைம் ரீஜிஸ் என்ற கடலோர ஊரில் 1799இல் பிறந்த மேரி ஆனிங், ஃபாசில் விற்றுத்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார். தந்தை தச்சர்; அவர் இறந்தபோது மேரிக்கு வயது பதினொன்று. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அண்ணனும் அவருமாகச் சேர்ந்து இக்தியோசார் என்ற பழங்காலக் கடல் ஊர்வனத்தின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார்கள். குளிர்காலப் புயலில் பாறைச் சரிவு இடியும்போதுதான் அங்கே நல்ல சரக்கு கிடைக்கும். தாமதித்தால் கடல் அரைத்துவிடும். 1833இல் அப்படி ஒரு சரிவில் அவருடைய நாய் டிரே பக்கத்திலேயே புதைந்து இறந்தது. மேரி எடுக்காமல் விட்டிருந்தால் அந்த ஃபாசில்களெல்லாம் கூழாங்கல்லாகியிருக்கும். எந்தக் கல் எங்கே கிடைத்தது என்பதும் அவருக்குத் தெரியும். வாங்கிய கனவான்கள்தான் அவர் பெயரைக் குறிப்பிடாமல் விட்டார்கள்.

சீட்டில் பொய் எழுதியவர்களும் உண்டு. 2012இல் நியூயார்க்கில் டார்போசாரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூடு ஒன்று 10 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. மங்கோலியாவின் கோபிப் பாலைவனத்தில் மட்டுமே இந்தப் பிராணியின் முழு எலும்புக்கூடுகள் கிடைத்திருக்கின்றன. அந்நாட்டுச் சட்டப்படி அவற்றை வெளியே கொண்டுபோகக் கூடாது. சுங்கக் காகிதங்களிலோ பிறப்பிடம் பிரிட்டன் என்று இருந்தது. அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. பிரதிவாதி யார் தெரியுமா? எலும்புக்கூடேதான்! வழக்கின் பெயரே அப்படி. 2013இல் அது மங்கோலியாவுக்குத் திரும்பியது. பிரேசிலிலும் 1942 முதல் ஃபாசில்கள் அரசுச் சொத்து. ஆகவே வாங்கும்போது "எந்த நாடு?" என்று கேட்பது வெறும் ஆர்வம் இல்லை.

ஃபாசில் பார்க்க நமக்கு மேரியைப்போல் கடலோரம் போகக்கூட வேண்டியதில்லை. அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் பல இடங்கள் பழைய கடல். அந்தச் சுண்ணாம்புக் கல்லை நம்பித்தான் அங்கே இத்தனை சிமென்ட் ஆலைகள். பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பக்கம், மழை அரித்த செம்மண் மேடுகளில், கணவாயின் இன்னொரு பழைய உறவினரான பெலெம்னைட்டுகள் துப்பாக்கித் தோட்டாபோல் உதிர்ந்து கிடக்கும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகக் கிடக்கிறது. அதுவும் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக் கல்மரங்களும் தேசிய புவியியல் சின்னங்கள். ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது.

2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் ஒரு ஏரியில் மண் எடுத்தபோது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று செய்தி பறந்தது. வந்து பார்த்த நிலவியலாளர்கள் முட்டை இல்லை என்றார்கள். சேற்றில் கிடந்த ஓர் அம்மோனைட்டையோ சிப்பியையோ கருவாகக் கொண்டு, சுற்றிலும் கனிமம் வெங்காயத் தோல்போல் இறுகி உருண்டையாவது உண்டு. சாளக்கிராமமும் இந்த ஜாதிதான். முட்டை இல்லை என்றதும் கூட்டம் கலைந்துவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க நான் நின்றிருப்பேன்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் அரியலூர் அருகே வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வரலாம். சுரங்கத்தில் வேலை செய்கிறவர்கள் கண்ணில் தினமும் படுவதில் எவ்வளவோ சிமென்ட் மூட்டையாகிப் போகிறது. அதில் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், துடைப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள்: எந்த ஊர், எந்தக் குழி, தரையிலிருந்து எத்தனை அடி ஆழம், என்ன தேதி, யார் எடுத்துக் கொடுத்தது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கூடவே கட்டி வையுங்கள். கைப்பேசிப் படம் இருந்தால் இன்னும் நல்லது.

என் மடகாஸ்கர் கல்லுக்கு இனி அது வாய்க்காது. அதன் அடியில் நானாக ஒட்டிய சீட்டில் கடை இருந்த ஊரும் வாங்கிய தேதியும் மட்டும் இருக்கின்றன. பூஜையறைக் கல்லுக்காவது ஆற்றின் பெயர் தெரியும்.