மனப்பாடக் கம்பளமும் வரைபடக் கம்பளமும்

பாரசீகக் கம்பளங்களை விற்பவர்கள் அவற்றை ஊர்ப் பெயரால் பிரிக்கிறார்கள்: காஷான், இஸ்ஃபஹான், தப்ரீஸ், கெர்மான், நாயின், ஹெரீஸ், கோம். பெரும்பாலும் இந்தப் பெயர்கள் உதவும். சில வேளைகளில் காலை வாரிவிடும். 'புகாரா' என்று உலகெங்கும் விற்கப்படும் சிவப்புக் கம்பளம் புகாராவில் நெய்யப்பட்டதல்ல. துருக்மேன் இனத்தார் தங்கள் மேய்ச்சல் வெளிகளில் நெய்ததை அந்த நகரத்துச் சந்தையில் வாங்கிய வணிகர்கள் வைத்த பெயர் அது. இன்று அதே பெயரில் பாகிஸ்தானிலிருந்தும் கம்பளங்கள் வருகின்றன. பாரசீக முடிச்சுக்கு 'சென்னே' என்று ஒரு வணிகப் பெயர் உண்டு. ஆனால் சென்னே என்றழைக்கப்பட்ட சனந்தஜ் நகரத்துக் குர்து நெசவாளர்கள் வழக்கமாகப் போடுவது துருக்கிய முடிச்சு! ஆகவே பெயரைச் சற்று ஒதுக்கிவிட்டுக் கண்ணால் மட்டும் பார்ப்போம். இரண்டு பெருங்குடும்பங்கள் தெரியும். ஒன்றில் எல்லாம் கோணம்: எண்கோணங்கள், வைரக் கட்டங்கள், கொக்கி போன்ற கோடுகள், மரப்பாச்சி போல விறைத்து நிற்கும் ஆடுகளும் பறவைகளும். மற்றொன்றில் எல்லாம் வளைவு: சுருளும் கொடி, விரியும் மலர், நடுவே பெரிய பதக்கம், நான்கு மூலைகளிலும் அந்தப் பதக்கத்தின் கால்பங்கு. ஒரே நாட்டில், ஒரே கம்பளி நூலில், ஏறக்குறைய ஒரே கருவிகளால் நெய்யப்படும் பொருள் ஏன் இப்படி இரண்டாகப் பிரிந்தது என்பதே கேள்வி.

நெசவு முறையைச் சுருக்கமாகப் பார்த்துவிட்டால் கேள்வியின் கனம் புரியும். தறியில் பாவு நூல்களை இழுத்துக் கட்டுகிறார்கள். இரண்டிரண்டு பாவு இழைகளைச் சேர்த்து, அவற்றைச் சுற்றி ஒரு சிறு கம்பளி நூலை முடிந்து அறுக்கிறார்கள். ஒரு வரிசை முழுக்க முடிச்சுப் போட்டதும் குறுக்கே ஊடை நூலைச் செலுத்தி, கனமான சீப்பால் அடித்து இறுக்கி, அடுத்த வரிசைக்குப் போகிறார்கள். ஆக, கம்பளம் என்பது கட்டம் போட்ட தாள். ஒவ்வொரு முடிச்சும் ஒரு கட்டம். அதில் வளைகோடு என்று ஒன்று உண்மையில் கிடையாது. வளைவாகத் தெரிவதெல்லாம் நுண்ணிய படிக்கட்டுகள்தான். இதிலிருந்து ஒரு விளக்கம் தானாகவே எழுகிறது: முடிச்சு நெருக்கமாக இருந்தால் வளைவு வரும், தளர்வாக இருந்தால் கோணம்தான் வரும், ஆகவே கோண வடிவம் திறமைக் குறைவின் அடையாளம். இன்னொரு விளக்கமும் கைவசம் உண்டு. இரண்டு இழைகளையும் முழுதாகச் சுற்றும் சமச்சீரான துருக்கிய முடிச்சு கோணத்துக்கே ஏற்றது. ஓர் இழையை மட்டும் முழுதாகச் சுற்றும் பாரசீக முடிச்சே வளைவுக்கு இடம்தரும் என்பார்கள்.

இரண்டையும் கம்பளங்களே மறுக்கின்றன. துருக்மேன் இனத்தில் தெக்கே என்ற பிரிவினர் நெய்த பழைய கம்பளங்களில் சதுர அங்குலத்துக்கு 200 முடிச்சுகளைத் தாண்டுவது சாதாரணம். அவர்கள் பெரும்பாலும் போடுவதும் பாரசீக முடிச்சு. முதல் விளக்கப்படியும் இரண்டாம் விளக்கப்படியும் அங்கே கொடியும் மலரும் சுருண்டிருக்க வேண்டும். இருப்பதோ 'குல்' என்ற எண்கோண வடிவம். வரிசை வரிசையாக, ஒன்றுபோல் ஒன்று. தப்ரீஸ் இதற்கு நேர் எதிர். அங்கே துருக்கிய முடிச்சு, அதையும் விரலால் அல்லாமல் சிறு கொக்கியால் போடுகிறார்கள். ஆனால் வளைவு நெளிவுகளுக்குப் பேர்போன பதக்கக் கம்பளங்கள் அங்கிருந்து வருகின்றன. கோணம் ஆரம்பப் பள்ளி, வளைவு கல்லூரி என்ற வரலாற்றுக் கதையும் நிற்கவில்லை. உலகில் முழுமையாகக் கிடைத்த மிகப் பழைய முடிச்சுக் கம்பளத்தை சைபீரியாவின் அல்தாய் மலைப் பகுதியில், பஸிரிக் என்ற இடத்துக் கல்லறையில், 1949இல் செர்கே ருதென்கோ என்ற தொல்லியலாளர் கண்டெடுத்தார். கல்லறைக்குள் நீர் புகுந்து உறைந்ததால் அது மக்காமல் தப்பியது. ஏறத்தாழ 2,400 ஆண்டுகள் பழமையான அந்தக் கம்பளத்தில் ஒரு சதுர டெசிமீட்டருக்குச் சுமார் 3,600 முடிச்சுகள். மேயும் மான்களும் குதிரை வீரர்களும் தெளிவாக உருவம் பெற்றிருக்கிறார்கள். அதற்குப் பின் இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து நெய்யப்பட்ட எண்கோணங்களைத் தொடக்க நிலை என்று எப்படிச் சொல்வது?

நெருக்கமும் காரணமல்ல, முடிச்சின் வகையும் காரணமல்ல, காலமும் காரணமல்ல என்றால் மிஞ்சுவது ஒன்று. நெசவாளரின் விரலுக்கு வடிவம் எந்த வழியாக வந்து சேர்கிறது என்பது. மனத்திலிருந்து வரும் வடிவம் ஒருவகை, தாளிலிருந்து வரும் வடிவம் இன்னொரு வகை. காஷ்காய், பலூச், துருக்மேன் போன்ற மேய்ச்சல் இனப் பெண்கள் தாயிடமும் பாட்டியிடமும் பார்த்துக் கற்றதை மனத்தில் வைத்து நெய்தார்கள். வாசலில் கோலம் போடுகிறவர் புள்ளிக் கணக்கை நினைவில் வைத்திருக்கிறாரே தவிர முழுப் படத்தை அல்ல, இங்கும் அப்படித்தான். 'மூன்று சிவப்பு, ஒரு வெள்ளை, அடுத்த வரிசையில் ஒன்று தள்ளி' என்ற கணக்குக்குள் அடங்கும் வடிவமே மனத்தில் நிற்கும். சாய்கோடு, வைரம், எண்கோணம், திரும்பத் திரும்ப வரும் கொக்கி எல்லாம் அப்படி அடங்குபவை. பத்தடி நீளத்துக்கு எங்கும் ஒன்றுபோல் வராத ஒரு சுருள்கொடி அடங்காது. இடம்பெயரும்போது பிரித்துக் கட்டிக்கொண்டு போகும் கிடைத்தறியும், சிறிது சிறிதாகக் காய்ச்சிய சாயமும் மற்றதைச் செய்துவிடும். அடுத்த தொட்டிச் சாயத்தில் நீலம் சற்று வெளிறும். கம்பளத்தின் நடுவே பட்டை பட்டையாக நிறம் மாறும். இதை 'அப்ராஷ்' என்கிறார்கள். மனப்பாடக் கம்பளத்தைக் காட்டிக்கொடுக்கும் இடம் மூலை. கம்பளம் கீழிருந்து மேலாக வளர்வதால் கரை மூலையில் திரும்பும் இடத்தை முன்கூட்டியே எண்ணி வைக்க வேண்டும். தாள் இல்லாதவர் எண்ணுவதில்லை. கிடைக்கரை வந்தபடி வந்து மூலையில் பாதிப் பூவோடு அறுந்து நிற்கும், நெடுக்கரை வேறொரு பூவில் தொடங்கும். நகரத்துக் கம்பளத்தில் அதே மூலை கண்ணாடியில் பார்த்தது போல மூலைவிட்டத்தில் மடிந்திருக்கும்.

தாளின் ஆட்சி எப்போது வந்தது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. நடுவே பதக்கம், மூலைகளில் கால்பதக்கம் என்ற அமைப்பை ஈரானியர் 'லச்சக் தொராஞ்ச்' என்கிறார்கள். அது தறியில் பிறந்ததல்ல. 15ஆம் நூற்றாண்டிலேயே புத்தக அட்டைகளில் வேரூன்றிய அமைப்பு. நூல்களுக்கு ஓவியம் தீட்டி ஒப்பனை செய்த அரசவைக் கலைஞர்கள் கம்பளத்துக்கும் வரையத் தொடங்கியபோது கூடவே வந்தது. சஃபாவி மன்னர் தஹ்மாஸ்பின் காலத்தில் (1524-1576) இது உச்சத்தைத் தொட்டது. லண்டன் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அர்தபீல் கம்பளம் ஹிஜ்ரி 946, அதாவது 1539-40 என்று தன் உடலிலேயே ஆண்டைத் தாங்கியிருக்கிறது. கூடவே மக்சூத் காஷானி என்ற பெயரையும். சுமார் பத்தரை மீட்டர் நீளம், ஐந்தே கால் மீட்டருக்கு மேல் அகலம், இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட முடிச்சுகள், பத்து நிறங்கள். இவ்வளவு பெரிய பரப்பில் கொடிகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்னி ஓடி, எங்கும் இடறாமல் நான்கு மூலைகளிலும் சரியாக வந்து சேர்கின்றன என்றால், அதை யாரோ முதலில் தாளில் தீர்த்து வைத்திருக்க வேண்டும். தறியில் அமர்ந்த பலரில் ஒருவரும் முழுப் படத்தையும் மனத்தில் வைத்திருந்திருக்க முடியாது. 1893இல் 2,000 பவுண்டு கொடுத்து அருங்காட்சியகம் இதை வாங்கியபோது அதைப் பரிந்துரைத்தவர்களில் வில்லியம் மாரிஸ் ஒருவர். அவரே கம்பள வடிவமைப்பாளர் என்பதால் அந்த வரைதிறனின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது.

தாளிலிருந்து விரலுக்கு வடிவத்தைக் கொண்டுசேர்க்க ஈரானிய நகரப் பட்டறைகளில் கட்டத்தாளில் வண்ணமிட்ட 'நக்ஷா' உண்டு. அதைப் பார்த்து ஒருவர் உரக்கச் சொல்ல மற்றவர்கள் முடிச்சுப் போடும் வழக்கமும் உண்டு. காஷ்மீரத்தார் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அங்கே 'தாலீம்' என்ற குறியெழுத்து: எந்த நிறத்தில் எத்தனை முடிச்சு என்பதை மட்டும் வரிவரியாகச் சொல்லும். படத்தையே காணாமல் அந்தக் குறிப்பை வாசித்து நெய்கிறார் நெசவாளர். வெளிவருவது அச்சு அசலான காஷான் பாணி வளைவு. வளைவுக்கு வேண்டியது நெசவாளரின் தனிக் கைத்திறனைவிட முன்கூட்டியே கணக்கிட்ட ஒரு குறிப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இரண்டு வழிகளும் சந்திக்கும் இடம் ஹெரீஸ். என் கண்ணில் இந்தக் கலையின் மிகச் சுவையான இடமும் அதுவே. தப்ரீஸுக்குக் கிழக்கே மலையடிவாரத்து ஊர்க் கூட்டம் அது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலைநாட்டு வரவேற்பறைகளுக்குப் பெரிய கம்பளங்கள் வேண்டியிருந்தபோது, நகரத்துப் பதக்க அமைப்பு இந்தக் கிராமத் தறிகளுக்கு வந்தது. முடிச்சுக்கு முடிச்சு வரைந்த தாள் கூடவே வரவில்லை. ஹெரீஸ் நெசவாளர்கள் பதக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள், மூலைகளை ஏற்றுக்கொண்டார்கள், கொடியையும் ஏற்றுக்கொண்டார்கள்; எல்லாவற்றையும் நேர்கோட்டில் உடைத்துப் போட்டார்கள். வட்டப் பதக்கம் எண்கோண நட்சத்திரம் ஆயிற்று. கொடி மின்னல் போல மடங்கி மடங்கி ஓடியது. அதே வரைவு, அருகிலேயே உள்ள தப்ரீஸில் வளைந்தும் ஹெரீஸில் உடைந்தும் நிற்கிறது. நடுவழி ஒன்றும் இருந்தது: பிஜார் போன்ற இடங்களில் 'வாகிரே' என்ற மாதிரித் துண்டை முதலில் நெய்து வைத்துக்கொண்டு, அதில் உள்ள கரைத் துண்டையும் பூவையும் பார்த்துப் பார்த்துப் பெரிய கம்பளத்தில் பெருக்கினார்கள். அங்கே வடிவம் பாதி வளைவு, பாதி கோணம்.

இதற்கு ஓர் எதிர்வாதம் எப்போதும் வரும். வடிவங்களுக்குப் பொருள் உண்டு, அந்தப் பொருளே அவற்றைத் தீர்மானிக்கிறது என்பது. சிலவற்றுக்கு உண்டுதான். தொழுகைக் கம்பளத்தின் வளைவுமாடம் மசூதியின் மிஹ்ராபைக் குறிக்கிறது. பரப்பை நான்காகப் பிரித்து நீரோடை ஓடவிடும் தோட்டக் கம்பளம் பாரசீகத்து நாற்பங்குத் தோட்டத்தின் வரைபடமேதான். ஆனால் 'போத்தே'யை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பட்டுச் சேலையில் மாங்காய் என்போமே, அந்த நுனி வளைந்த வடிவம். தீச்சுடர் என்கிறார்கள் சிலர், காற்றில் வளைந்த சைப்ரஸ் மரம் என்கிறார்கள் சிலர், இலை என்கிறார்கள் வேறு சிலர். ஒரு வடிவத்துக்கு இத்தனை பொருள் ஒட்டுகிறது என்றால் வடிவம் முந்தியது, பொருள் பிறகு வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. இறைவன் ஒருவனே குறையற்றவன் என்பதால் நெசவாளர் வேண்டுமென்றே ஒரு பிழையை விட்டுவைப்பார் என்ற கதையையும் அதே கணக்கில் சேர்க்கலாம். ஆயிரமாயிரம் முடிச்சுகளுக்கிடையே பிழை தானாகவே வரும்; யாரும் அழைக்க வேண்டியதில்லை. மூலையில் அறுந்த கரையை வழிபாடாக்குவது விற்பவருக்கு வசதி, அவ்வளவுதான்.

இன்னொரு எதிர்வாதம் கனமானது. மனப்பாடக் கம்பளம் என்றால் சந்தை தீண்டாத தூய மரபு, வரைபடக் கம்பளம் என்றால் வணிகம் என்று இதிலிருந்து முடிவுகட்டலாமே என்பது. கூடாது. 1979இல் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த பிறகு அங்கு நெய்யப்பட்ட கம்பளங்களில் டாங்கிகளும் ஹெலிகாப்டர்களும் கலாஷ்னிகோவ் துப்பாக்கிகளும் இடம்பிடித்தன. பூக்கள் வரிசையில் நின்ற இடத்தில் அவை வரிசையில் நின்றன. நினைவு புதியதை உடனே வாங்கிக்கொள்ளும், வாங்கியதைத் தன் கோணத்துக்கு மடக்கிக்கொள்ளும் என்பதையே இது காட்டுகிறது. வெளிநாட்டார் விரும்பி வாங்கத் தொடங்கியதும் அதுவும் சந்தைச் சரக்கானது. தாளின் பக்கத்தில் சந்தையின் கை இன்னும் வெளிப்படை. மான்செஸ்டரைச் சேர்ந்த சீக்லர் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுல்தானாபாத்தில், இன்றைய அராக்கில், ஆங்கிலேய வீடுகளுக்கேற்பப் பூக்களைப் பெரிதாக்கி, நிறங்களைத் தணித்து நெய்வித்தது. 1920களில் அமெரிக்காவுக்குப் போன சாரூக் கம்பளங்களை அங்கே ரசாயனத்தில் அலசி நிறத்தைக் குறைத்து, பிறகு பின்னணிக்குக் கையால் சிவப்புச் சாயம் பூசினார்கள். யார் தாளைக் கொடுக்கிறாரோ அவருடைய ரசனை கம்பளத்தில் வந்து உட்காரும்.

விலைச் சந்தை இன்றும் வளைவின் பக்கமே சாய்கிறது. கெர்மான் என்று கருதப்படும் 17ஆம் நூற்றாண்டுக் கொடியிலைக் கம்பளம் ஒன்று 2013இல் நியூயார்க் ஏலத்தில் சுமார் 3.37 கோடி டாலருக்குப் போனது. அது அபூர்வம், அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சாதாரணக் கடையில் இந்த மோகம் 'சதுர அங்குலத்துக்கு எத்தனை முடிச்சு' என்ற ஒரே எண்ணாகச் சுருங்கிவிட்டது. அந்த எண்ணின் பின்னால் சிறு விரல்தான் நுண்முடிச்சுப் போடும் என்ற பொய்யும், அதைச் சாக்காக்கிக் குழந்தைகளைத் தறியில் உட்காரவைத்த வரலாறும் இருக்கின்றன. குழந்தை உழைப்புக்கு எதிராகப் போராடிய கைலாஷ் சத்யார்த்தி முன்னின்று, குழந்தைகள் நெய்யாத கம்பளத்துக்கான ரக்மார்க் முத்திரையை 1994இல் தொடங்க நேர்ந்தது அதனால்தான். கைநெசவுக் கம்பளம் வாங்குபவர் முதலில் அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கட்டும்: முன்புறத்து வடிவம் பின்புறத்திலும் முடிச்சு முடிச்சாகத் தெரிய வேண்டும், குஞ்சம் ஒட்டுத்தையலாக இல்லாமல் பாவு நூலின் நீட்சியாக இருக்க வேண்டும். பிறகு நான்கு மூலைகளையும் பாருங்கள். கடைசியாகக் கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இதை வரைந்தவர் யார், எதைப் பார்த்து நெய்தார்கள், நெய்தவரின் வயது என்ன? மூன்றாவது கேள்விக்குப் பதில் வராத கம்பளத்தை, முடிச்சு எத்தனை நெருக்கமாக இருந்தாலும், வாங்காதீர்கள்.