சுவர் சொந்தமான பிறகு: வீட்டுக்குள் வாழும் பண்பாடும் நினைவும்

புது வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் குடும்பத்தில் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். சோபாவுக்கு என்ன நிறம்? சீலிங் எப்படி? குசினி அலமாரிக்கு எத்தனை ஆயிரம் ரிங்கிட்? ஆனால், இந்த வீட்டுக்குள் முதன்முறை நுழையும் ஒருவர், இங்கே குடியிருப்பவர் யார், எங்கிருந்து வந்தவர், எதை மதிப்பவர் என்று அறிந்துகொள்ள முடியுமா என்ற கேள்வியைக் கேட்பவர் மிகச் சிலரே.

மலாக்கா மாநிலத் தமிழர்களுக்கு இந்தக் கேள்வி மற்றவர்களைவிட அவசரமானது. தோட்டத்து லயங்களை விட்டுத் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிவந்த முதல் தலைமுறை முதுமை அடைந்துவிட்டது. அவர்கள் கண்ணெதிரே வீட்டின் உள்தோற்றம் முழுவதும் மாறிவிட்டது. எதைக் கொண்டுவந்தார்கள், எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன.

அலங்காரமா, வடிவமைப்பா?

உள்ளரங்க வடிவமைப்பு என்றதும் பணக்காரர்களுக்கான பொழுதுபோக்கு என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்கத் தேவையில்லை. ஒரு வீட்டில் எந்த இடம் யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று முடிவு செய்வதே வடிவமைப்பு. சாமி மேடையை எங்கே வைப்பது, தாத்தா எங்கே உட்காருவது, பிள்ளைகள் எங்கே படிப்பது என்று தீர்மானிக்கும் ஒவ்வொரு தாயும் வடிவமைப்பாளர்தான்.

இதில் மூன்று சொற்களைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. வீட்டுக்குள் நாம் என்ன செய்கிறோம் என்பது பண்பாடு. இங்கே வாழ்ந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது நினைவு. நம்மை யார் என்று நமக்கும் பிறருக்கும் சொல்லிக்கொள்கிறோம் என்பது அடையாளம். பண்பாட்டுக்கு இடம் வேண்டும். நினைவுக்குப் பொருள் வேண்டும். இந்த இரண்டும் அமைந்துவிட்டால் அடையாளம் தானே வந்து சேரும். அடையாளத்தை மட்டும் கடையில் வாங்கி ஒட்டினால் அது நிலைப்பதில்லை.

காஜா பெராங் கற்றுத்தரும் பாடம்

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மலாக்கா நகரின் காஜா பெராங் பகுதியில் கம்போங் செட்டி இருக்கிறது. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வணிகம் செய்ய வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து இங்கேயே தங்கிவிட்டவர்களின் வழித்தோன்றல்களே மலாக்கா செட்டிகள். 1511-இல் போர்த்துக்கீசியர் வந்தார்கள். 1641-இல் டச்சுக்காரர் வந்தார்கள். 1824-இல் மலாக்கா ஆங்கிலேயர் கைக்குப் போனது. இத்தனை ஆட்சி மாற்றங்களுக்கு இடையிலும் இந்தச் சிறு சமூகம் சைவ சமயத்தைக் கைவிடவில்லை. ஜாலான் துக்காங் எமாஸில் உள்ள ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம், டச்சு ஆட்சியின்போது செட்டி சமூகத்துக்கு அளிக்கப்பட்ட நிலத்தில் 1781-இல் எழுந்தது.

அவர்கள் பேசுவது மலாய். பெண்கள் உடுத்துவது கெபாயாவும் சாரோங்கும். தமிழ்ச் சொற்கள் சில மட்டுமே நாவில் தங்கியிருக்கின்றன. மொழியும் உடையும் மாறிய பிறகும் அவர்களை அவர்களாக வைத்திருப்பது எது? அதற்குப் பாதி விடை வீட்டுக்குள் இருக்கிறது.

வாசல் நிலையில் மாவிலைத் தோரணம். உள்ளே நுழைந்தால் சாமி மேடை. பொங்கலுக்கு முந்திய போகி நாளில் 'பார்ச்சு பொங்கல்' என்றும், பழங்கள் காய்த்துக் குலுங்கும் ஜூன், ஜூலை மாதங்களில் 'பார்ச்சு புவா' என்றும் முன்னோர்களுக்குப் படையல் இடுகிறார்கள். வாழையிலைகளில் சோறும் கறிகளும் பலகாரங்களும் பழங்களும் பரப்பப்படுகின்றன. பழங்காலத்துத் தமிழர் படையலும் மலாய் மண்ணின் உணவும் ஒரே இலையில் கலந்து கிடக்கும் காட்சி அது.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். படையலிட வெற்றுத் தரை தேவை. கூடம் முழுவதும் சோபாவையும் கண்ணாடி அலமாரியையும் அடைத்துவிட்டால் இலை போட இடமிருக்காது. இலை போட இடமில்லையென்றால் முதல் ஆண்டு இலைகளின் எண்ணிக்கை குறையும். அடுத்த ஆண்டு படையல் மேசைக்கு ஏறும். அதற்கடுத்த ஆண்டு 'கோயிலிலேயே செய்துகொள்ளலாம்' என்ற பேச்சு வரும். ஒரு சடங்கு மறைவதற்கு நம்பிக்கைக் குறைவு மட்டும் காரணமல்ல. அதைச் செய்ய வீட்டில் இடமில்லாமல் போவதும் காரணம்.

செட்டி மக்களுக்கு இதைக் காப்பாற்ற முடிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர்களுக்குக் காலூன்ற ஒரு கிராமம் இருந்தது. கோயிலும் வீடும் உறவும் ஒரே இடத்தில் இருந்தன. அதனால்தான், 2010-களில் கிராமத்தை ஒட்டி உயரமான கட்டடங்கள் எழுப்பும் திட்டம் வந்தபோது அவர்கள் அத்தனை உறுதியாக எதிர்ப்புக் குரல் கொடுத்தார்கள்.

லயத்துச் சுவர் யாருடையது?

தோட்டத் தமிழர்களின் கதை வேறு. மலாயாவில் வணிக நோக்கோடு ரப்பர் பயிரிடப்பட்டது முதன்முதலில் மலாக்காவில்தான். தான் சாய் யான் என்ற மலாக்கா பாபா 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் தொடங்கினார். பிறகு புக்கிட் அசஹானில் பெரிய அளவில் பயிரிட்டார். சிங்கப்பூரில் இன்று மருத்துவமனைக்குப் பெயராக நிற்கும் தான் தோக் செங்கின் பேரன் அவர். ரப்பர் காடுகள் விரிய விரிய, சேலம், திருச்சி, தஞ்சாவூர், வட ஆற்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியே தமிழர்கள் வந்து சேர்ந்தார்கள்.

அவர்களுக்குக் கிடைத்தது நீண்ட லயத்தில் ஓர் அறை. ஏறக்குறைய 10 அடிக்கு 10 அடி. முன்னால் எல்லாருக்கும் பொதுவாக ஓர் அஞ்சடி. வெளியே பொதுக் குழாயடி. இதைச் சொர்க்கம் என்று யாரும் சொல்ல வேண்டாம். நெருக்கடியும் இரைச்சலும் தனிமையின்மையும் அங்கே இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வீடு தோட்டத்துக்குச் சொந்தமானது. வேலை போனால் வீடும் போகும்.

சுவர் சொந்தமில்லாத இடத்தில் மனிதர்கள் எதில் நினைவைச் சேர்த்து வைப்பார்கள்? தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய பொருள்களில்தான். தகரப் பெட்டி, பித்தளைக் குத்துவிளக்கு, சாமி படம், செம்பு, திருமணப் புகைப்படம். தோட்டத் தமிழர் வீட்டில் விலையுயர்ந்த மரச்சாமான் இல்லாமல் போனதற்கு வறுமை மட்டுமே காரணமல்ல. எந்த நாளும் கிளம்ப வேண்டி வரலாம் என்ற நிலையும் ஒரு காரணம். ஒரு சமூகத்தின் அச்சம் அதன் தட்டுமுட்டுச் சாமானிலும் தெரியும்.

1950-களின் பிற்பகுதியில் தொடங்கிய தோட்டத் துண்டாடல் இந்த அச்சத்தை உண்மையாக்கியது. நிலம் கை மாறியது. வேலையும் வீடும் சேர்ந்தே பறிபோயின. 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதன் பின்னணி அதுவே. பிறகு ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின.

முதன்முதலாக ஒரு சொந்தச் சுவர்

இன்று தாமானில் ஒரு தரை வீடோ, 650, 700 சதுர அடியில் மூன்று அறைகள் கொண்ட அடுக்குமாடி வீடோ வாங்கியிருக்கும் தோட்டத்துக் குடும்பத்துக்கு அந்தச் சுவர்தான் தலைமுறை வழியில் முதல் சொந்தச் சுவர். ஆணி அடிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இது சாதாரண மாற்றமல்ல.

ஆனால், அந்தச் சுவரில் என்ன வந்தது? பெரும்பாலான வீடுகளில் கூடத்தின் முதன்மைச் சுவர் தொலைக்காட்சிக்கு என்று எழுதி வைத்தாயிற்று. எல்லா நாற்காலிகளும் அதையே பார்க்கின்றன. லயத்து அஞ்சடியில் மாலை நேரத்தில் மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியின் பழங்கதை பேரப்பிள்ளைகள் காதில் விழுந்தது அங்கேதான். அஞ்சடி போனபோது வெறும் திண்ணை மட்டும் போகவில்லை. கதை சொல்லும் இடமும் போயிற்று.

இன்னொரு பழக்கமும் வளர்ந்து வருகிறது. தமிழ்ப் படங்களிலும் தொடர்களிலும் பார்த்ததை அப்படியே வீட்டில் இறக்கிவிடுவது. செட்டிநாட்டுத் தூண், ஆத்தங்குடிக் கல், ஊஞ்சல் எல்லாம் அழகானவைதாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் தென்னகத்துப் பழைய வீடுகளை அருகருகே வைத்துக் காட்டுகிறார்கள். அங்கே நடந்து பார்த்தால் ஓர் உண்மை புரியும். ஒவ்வொரு வீடும் அதைக் கட்டியவரின் தொழிலிலிருந்தும் மண்ணிலிருந்தும் வந்தது. நகரத்தார் வீட்டுத் தூண் நகரத்தார் வரலாற்றைச் சொல்கிறது. பால்மரம் சீவிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஜாசின் பாட்டியின் வரலாற்றை அந்தத் தூண் சொல்லாது. அதை அவர் தூக்கிய பால் வாளிதான் சொல்லும். தூண் வைப்பதில் தவறில்லை. வாளியைக் குப்பையில் போட்டுவிட்டுத் தூண் வைப்பதுதான் யோசிக்க வேண்டியது.

என்ன செய்யலாம்?

முதலாவது, வாங்குவதற்கு முன் எழுதிப் பாருங்கள். ஓராண்டில் இந்த வீட்டில் நடக்கும் காரியங்கள் யாவை? பொங்கல், தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு, முன்னோர் படையல், வெள்ளிக்கிழமை விளக்கு, பிள்ளைகளின் படிப்பு. ஒவ்வொன்றுக்கும் இடம் இருக்கிறதா? கூடத்தில் ஆறடிக்கு ஆறடியாவது வெற்றுத் தரை விடுங்கள். எடுத்து மடக்கக்கூடிய மேசை போதும்.

இரண்டாவது, நினைவுக்கு ஒரு சுவர் ஒதுக்குங்கள். பெரிய செலவு வேண்டாம். தாத்தாவின் புகைப்படம், தோட்டத்தின் பெயர், அவர் வந்த ஆண்டு தெரிந்தால் அந்த ஆண்டு, பழைய அடையாள அட்டையின் நகல், ஒரு மங்கு, ஒரு பால்மரக் கத்தி. கத்தியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது நல்லது. ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி தமிழில் எழுதி வையுங்கள். பெயரும் கதையும் இல்லாத பழைய பொருள் அடுத்த தலைமுறைக்கு வெறும் பழைய இரும்புதான்.

மூன்றாவது, வாசலைக் கவனியுங்கள். அடுக்குமாடியில் நடைவழி பொதுவானது. அங்கே கோலமிட அண்டைவீட்டாரின் வசதியையும் பார்க்க வேண்டும். அதற்காக ஒட்டுத்தாள் கோலத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை. வாசற்படிக்கு உட்புறம் இரண்டடி இடம் விட்டால், பிள்ளைகள் தங்கள் கையால் சிறு கோலம் போடப் பழகுவார்கள். கோலத்தின் பயன் அதைப் பார்ப்பதைவிடப் போடுவதில் அதிகம்.

நான்காவது, நாற்காலிகளைத் திருப்புங்கள். இரண்டு நாற்காலியாவது ஒன்றையொன்று பார்க்கட்டும். பாட்டி உட்காரும் இடம் கூடத்தின் நடுவே இருக்கட்டும், பின்னறையில் வேண்டாம்.

ஐந்தாவது, தமிழ் கண்ணில் படும்படி வையுங்கள். பெயர்ப்பலகையில் தமிழும் இருக்கட்டும். புத்தக அலமாரி பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கூடத்திலேயே இருக்கட்டும். செட்டி சமூகம் சடங்கைக் காத்தது, மொழியை இழந்தது. தோட்டத்துச் சமூகம் தமிழ்ப்பள்ளிகளால் மொழியைக் காத்தது. இரண்டையும் சேர்த்துக் காக்கும் வாய்ப்பு இன்றைய குடும்பத்துக்கு இருக்கிறது.

புதிதாக்குவதும் ஒரு வகை அழிப்பு

பழைய கோயில் மண்டபம், பழைய கடைவீடு, பழைய பள்ளி என்று பொது இடங்களைப் புதுப்பிக்கும்போதும் இதே கவனம் தேவை. மலாக்கா நகரின் ஜாலான் துன் தான் செங் லோக்கில் எட்டாம் எண் கடைவீடு டச்சுக் காலத்தைச் சேர்ந்தது. மலேசிய மரபுடைமை அறக்கட்டளையான பாடான் வாரிசான் அதைச் சீரமைத்தபோது பளபளப்பாக்கவில்லை. சுவரின் பழைய அடுக்குகளையும் மாற்றங்களையும் பார்ப்பவர் படிக்கும்படி விட்டுவைத்தது. நம்மில் பலர் கோயிலுக்கோ பள்ளிக்கோ நன்கொடை திரட்டியதும் முதலில் செய்வது பழைய ஓட்டையும் பலகையையும் பெயர்த்தெறிவது. பெயர்ப்பதற்கு முன் படம் எடுத்தோமா, ஒரு துண்டையாவது எடுத்து வைத்தோமா?

இலங்கை மலையகத் தமிழர்கள் ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். கண்டி மாவட்டத்தில் கம்பளைக்கு அருகே, தேயிலைத் தோட்டத்துப் பழைய லயத்து அறைகளையே 2007-இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக மாற்றினார்கள். தொழில் கருவிகளும் வீட்டுச் சாமான்களும் அவை புழங்கிய அதே அறையில் இருக்கின்றன. மாளிகை எழுப்பிக் காட்டத் தேவையில்லை. அந்த அறையின் அளவே வரலாற்றைச் சொல்லிவிடுகிறது.

மலாக்காவில் புக்கிட் லிந்தாங், ஜாசின், தெபோங் போன்ற இடங்களில் தோட்டத்து மண்ணிலிருந்து எழுந்த தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளியும் ஒரு வகுப்பறையின் மூலையில் 10 அடிக்கு 10 அடி கோடு கிழித்து, 'ஒரு குடும்பம் இவ்வளவு இடத்தில் வாழ்ந்தது' என்று மாணவர்களை அதற்குள் நிற்க வைத்தாலே போதும். அதற்குள் வைக்க வேண்டிய பொருள்களைப் பிள்ளைகளே வீட்டிலிருந்து கொண்டு வருவார்கள். அவற்றோடு கதையையும் கேட்டு வருவார்கள்.

கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேட்க வேண்டும். தகரப் பெட்டியைப் பிறகு எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். அதற்குள் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டியவர் இன்னும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.