பிள்ளை அடிக்கடி விழுகிறானா? ஒரு ரத்தப் பரிசோதனை கேளுங்கள்



ரத்தசோகை, சர்க்கரை, கர்ப்பப்பை நோய்கள் பற்றியெல்லாம் நம் குழுக் கூட்டங்களில் பேசியிருக்கிறோம். இந்த இதழில் அரிய நோய்கள் பற்றிப் பார்ப்போம். "எங்கேயோ ஒருத்தருக்கு வர்ற நோய், நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். ஒவ்வொரு நோயும் தனியாகப் பார்த்தால் அரிது. ஆனால் இப்படிப்பட்ட நோய்கள் 6,000-க்கும் மேல் இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் ஏராளம். இந்த நோய்களில் 100-க்கு 70-க்கும் மேற்பட்டவை மரபணு மாற்றத்தால் வருபவை.

இவற்றில் பெரிய கஷ்டம், நோயின் பெயரே தெரியாமல் வருஷங்கள் ஓடிவிடுவதுதான். ஒரு டாக்டர், இன்னொரு டாக்டர், எண்ணெய் வைத்தியம், மந்திரிப்பு என்று அலைகிறோம். நகை அடகுக்குப் போகிறது. குழுக் கடனும் அதிலேயே கரைகிறது. கடைசியில் பெயர் தெரியும்போது அதே நோயோடு அடுத்த பிள்ளையும் பிறந்திருக்கலாம். இது எப்படி நடக்கிறது, எப்படித் தடுக்கலாம் என்பதை ஒரு நோயை வைத்துப் புரிந்துகொள்வோம். அதுதான் டுஷேன் தசைச்சிதைவு நோய்.

என்ன நோய் இது?

நம் தசைகள் உறுதியாக இருக்க 'டிஸ்ட்ரோபின்' என்ற புரதம் வேண்டும். இந்த நோயில் உடம்பு அதைச் செய்வதில்லை. அதனால் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைகிறது. பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்குத்தான் வரும். சுமார் 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. பிறக்கும்போது ஒன்றும் தெரியாது. 2 வயதிலிருந்து 5 வயதுக்குள் அம்மாவின் கண்ணுக்குத்தான் முதலில் படும்.

கவனிக்க வேண்டியவை:

- ஒன்றரை வயது தாண்டியும் நடக்காமல் இருப்பது
- அடிக்கடி விழுவது, மற்ற பிள்ளைகளோடு ஓட முடியாமல் போவது
- படி ஏறச் சிரமப்படுவது, நுனிக்காலில் நடப்பது
- கெண்டைக்கால் தடித்து, கெட்டியாக இருப்பது

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். பிள்ளையைத் தரையில் உட்காரவைத்து எழுந்திருக்கச் சொல்லுங்கள். கையைத் தரையில் ஊன்றி, பிறகு முழங்காலில், அப்புறம் தொடையில் கை வைத்து, தன் உடம்பின் மேலேயே ஏறுவது போல எழுந்தால், தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். இந்த அடையாளத்தை கோவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1879-லேயே எழுதிவைத்தார். இன்றும் டாக்டர்கள் இதைப் பார்க்கிறார்கள்.

எந்தப் பரிசோதனை?

சி.பி.கே. என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. செலவு சில நூறு ரூபாய்தான். தசை சிதைந்தால் இந்த அளவு ஏறும். சாதாரணமாகச் சுமார் 200-க்குள் இருக்கும். இந்த நோய் உள்ள பிள்ளைகளுக்குப் பல ஆயிரத்தைத் தொடும்.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாக நினைவில் வையுங்கள். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற இரண்டும் ஈரல் பரிசோதனை என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் தசை சிதைந்தாலும் அவை ஏறும். அதைப் பார்த்து "பிள்ளைக்கு ஈரல் கோளாறு" என்று மாதக்கணக்கில் மருந்து கொடுத்து, பத்தியம் போட்டு, கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதும் உண்டு. இந்த இரண்டும் ஏறி, பிள்ளை நடையிலும் சிரமப்பட்டால், "சி.பி.கே. பார்க்கலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

சி.பி.கே. அதிகம் என்றால் அடுத்தது மரபணுப் பரிசோதனை. இதற்கும் கொஞ்சம் ரத்தம் போதும். 1980-களில் இந்த நோய்க்கான மரபணுவைக் கண்டுபிடித்த பிறகுதான் இது சாத்தியமானது. முன்பு தசையை வெட்டி எடுத்துப் பார்ப்பார்கள். இப்போது பெரும்பாலானவர்களுக்கு அது தேவைப்படுவதில்லை. மரபணுவில் எந்த இடத்தில் மாற்றம் என்று தெரிந்தால்தான் குடும்பத்தில் வேறு யாருக்கு வரும் என்றும் சொல்ல முடியும்.

"உன் வீட்டு ரத்தம்தான் இப்படி"

பிள்ளைக்கு நோய் என்றதும் மருமகளைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு வரும். உண்மை என்ன?

இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஆணுக்கு ஒன்று. ஆண் பிள்ளை தன் ஒரே எக்ஸை அம்மாவிடமிருந்து பெறுகிறான். அம்மாவுக்கு ஒரு எக்ஸில் மாற்றம் இருந்தாலும் இன்னொன்று சரியாக இருப்பதால் அவள் பெரும்பாலும் நன்றாகவே இருப்பாள். இவர்களைக் 'கடத்தி' என்கிறார்கள்.

குலுக்கல் சீட்டு நமக்குத் தெரிந்ததுதான். டப்பாவில் இரண்டு சீட்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நல்லது, ஒன்று மாற்றம் உள்ளது. ஆண் குழந்தை என்றால் நோய் வர பாதி வாய்ப்பு. பெண் குழந்தை என்றால் அவளும் கடத்தியாக இருக்க பாதி வாய்ப்பு. நம் சீட்டில் ஒருமுறை எடுத்தவர் பெயரை அடுத்த குலுக்கலில் போட மாட்டோம். இதில் அப்படி இல்லை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் இரண்டு சீட்டும் திரும்ப டப்பாவுக்குள் போய்விடும். "ஒண்ணுக்கு வந்தாச்சு, அடுத்ததுக்கு வராது" என்பது சரியில்லை.

இன்னொன்றும் உண்டு. பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்குப் பேரின் அம்மாக்கள் கடத்தியே இல்லை. அந்த மாற்றம் புதிதாக வந்தது. கடத்தியாக இருந்தாலும் அது அந்தப் பெண் செய்த குற்றமா? யாரும் தங்கள் மரபணுவைத் தேர்ந்தெடுத்துப் பிறப்பதில்லை. பாவம், சாபம், கிரகண நேரத்தில் வெளியே போனது என்று எதுவும் காரணம் இல்லை.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் இந்த நோய் வருவதில்லை. ஆனால் வேறு பல அரிய நோய்களுக்கு அது வாய்ப்பைக் கூட்டுகிறது. அவற்றில் அப்பா, அம்மா இருவரிடமும் ஒரே மாற்றம் இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகன், அத்தை மகள் என்றால் ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து அந்த மாற்றம் இருவருக்கும் வந்திருக்கக்கூடும்.

குடும்பப் படம் போடுங்கள்

குழுப் பயிற்சியில் ஊர் வரைபடம் போட்டோமே, அதே போல் மூன்று தலைமுறைக்குக் குடும்பப் படம் போடலாம். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். நோய் வந்தவர், சிறு வயதில் இறந்தவர், சொந்தத்தில் கட்டியவர் எல்லோரையும் குறியுங்கள். டாக்டருக்கு இது பெரிய உதவி. அம்மாவின் சகோதரிகள், மகள்கள் யாருக்குப் பரிசோதனை வேண்டும் என்பதும் இதில் தெரியும். கடத்தியாக உள்ள பெண்கள் தங்கள் இதயத்தையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

அடுத்த குழந்தை வேண்டும் என்றால் கர்ப்பமாவதற்கு முன்பே மரபணு ஆலோசனை பெறுங்கள். அம்மாவின் ரத்தத்தில் மாற்றம் இல்லை என்று வந்தாலும் இது தேவை, சிறிய வாய்ப்பு அப்போதும் உண்டு. கர்ப்பத்தில் 11-வது வாரத்திலிருந்து பரிசோதிக்க முடியும். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற மையங்களில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். அதன் பிறகு என்ன என்பது அந்தத் தம்பதியின் முடிவு.

பெயர் தெரிந்தால் என்ன லாபம்?

முழுக்கக் குணமாக்கும் மருந்து இதுவரை இல்லை. "குணமாக்குகிறோம்" என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள். ஆனால் செய்யக்கூடியது நிறைய உண்டு. டாக்டர் மேற்பார்வையில் ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் பிள்ளை இன்னும் சில வருஷம் நடப்பான். தசை இறுகாமல் இருக்கப் பயிற்சி உண்டு. இதயத்தையும் மூச்சையும் தவறாமல் கவனிக்க வேண்டும். எந்த ஆபரேஷனுக்கும் முன்னால் மயக்க மருந்து டாக்டரிடம் இந்த நோயைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சில மயக்க மருந்துகள் உயிருக்கே ஆபத்து.

உரிமைகளும் உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் தசைச்சிதைவு நோயும் சேர்க்கப்பட்டது. அடையாள அட்டை வாங்குங்கள். தமிழக அரசின் மாதப் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். அரிய நோய்களுக்கென மத்திய அரசு 2021-ல் தேசியக் கொள்கையும் கொண்டுவந்தது.

நம் குழு என்ன செய்யலாம்?

1. நடக்கத் தாமதமாகும், அடிக்கடி விழும் பிள்ளைகளைப் பற்றிக் கூட்டத்தில் கேளுங்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் காட்டச் சொல்லுங்கள்.
2. பரிசோதனைக்கும் பஸ் செலவுக்கும் உள்கடன் கேட்டால் முன்னுரிமை கொடுங்கள்.
3. எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வாரியாக ஒரே பையில் வைக்கச் சொல்லுங்கள்.
4. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் அம்மாவோடு ஓர் உறுப்பினர் துணைக்குப் போங்கள்.
5. மாமியார், நாத்தனாருக்கும் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். அந்த அம்மாவுக்கு மருந்தைவிட முதலில் தேவைப்படுவது, "உன் மேல தப்பு இல்லம்மா" என்ற ஒரு வார்த்தை.