வீட்டோடு இருக்கும் முதியோர்: மனச்சோர்வும் விழுதலும்

வீட்டில் முதியவர் ஒருவர் விழுந்துவிட்டார் என்றால் நாம் முதலில் குளியலறைத் தரையைத்தான் பார்ப்போம். ஈரமா, பாசியா, செருப்பு வழுக்கியதா என்று கேட்போம். சில மாதங்களாக அவர் ஒழுங்காகச் சாப்பிட்டாரா, தூங்கினாரா, யாரிடமாவது பேசினாரா என்று கேட்பதில்லை. இவ்விரு வகைக் கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பதை, பிசியோதெரபி பயிலும் மாணவி என்ற முறையில் இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறேன்.

2018-ஆம் ஆண்டு நம் நாட்டில் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, 60 வயதை எட்டியவர்களில் 11.2 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. 14.1 விழுக்காட்டினர் அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் விழுந்திருந்தனர். இவை இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை. மனம் சோர்ந்தவர் நாற்காலியை விட்டு எழுவதில்லை, கால் தசை மெலிகிறது, நடை தளர்கிறது, விழுகிறார். விழுந்தவர் மறுபடியும் விழுவோமோ என்று அஞ்சி நடையைக் குறைக்கிறார். கோயில், கடை, பக்கத்து வீட்டுப் பேச்சு எல்லாம் நின்றுபோக, மனம் இன்னும் சோர்கிறது. இதில் மருந்தும் ஒரு சிக்கல். மனச்சோர்வுக்கும் தூக்கத்துக்கும் தரப்படும் மாத்திரைகள் பல, விழும் அபாயத்தைக் கூட்டக்கூடியவை. அதற்காக மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. பேச்சு வழிச் சிகிச்சைக்கும் உடற்பயிற்சிக்கும் முதுமையில் கூடுதல் மதிப்பு உண்டு என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோட்டத்தில் பால்மரம் சீவி, விடியற்காலையில் மேடு பள்ளம் ஏறி இறங்கியவர் என் பாட்டி. இப்போது மலிவு விலை அடுக்குமாடியில் நான்காம் மாடி, மின்தூக்கி கிடையாது. முழங்கால் வலி வந்த பிறகு அவர் கீழே இறங்குவது கிளினிக்குக்கு மட்டும்தான். இப்படிப்பட்டவரை யாரும் நோயாளி என்று சொல்வதில்லை. ஆனால், வாரந்தோறும் சிகிச்சைக்கு வரச் சொன்னால் அவரால் வர இயலாது. அப்படியானால் சிகிச்சை அவரிடம் போக முடியுமா?

முடியும் என்று காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் நம்கீ சோய். வருமானம் குறைந்த, வீட்டோடு இருக்கும் 158 பேரை வைத்து அவருடைய குழு நடத்திய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு ஆலோசகர் நேரில் சென்றார். இன்னொரு பிரிவினருக்கு அதே சிகிச்சை ஸ்கைப் காணொளி வழி நடந்தது. மூன்றாம் பிரிவினருக்கு நலம் விசாரிக்கும் தொலைபேசி அழைப்பு மட்டும். சிகிச்சை எளிமையானது. மனத்தை அழுத்தும் சிக்கல்களில் ஒன்றை முதியவரே தேர்ந்தெடுப்பார். அதற்கு என்னென்ன வழிகள் என்று ஆலோசகரோடு சேர்ந்து எண்ணி, ஒன்றை முயன்று பார்ப்பார். அடுத்த முறை அது பலித்ததா என்று பேசுவார்கள். நேரில் பெற்றவர்களைப் போலவே காணொளியில் பெற்றவர்களுக்கும் மனச்சோர்வு தணிந்தது. பலன் நீடித்தது காணொளிப் பிரிவில்தான். 2020-இல் வெளிவந்த அடுத்த ஆய்வில், பயிற்சி தரப்பட்ட சாதாரண மக்களே காணொளியில் ஆலோசகர்களாக இருந்தனர். தேர்ச்சி பெற்றவர்களைவிடப் பலன் சற்றுக் குறைவு என்றாலும், பலன் இருந்தது. நம் நாட்டுக்கு இதுவே முக்கியமான செய்தி என்று நினைக்கிறேன்.

விழுதலுக்கு நியூசிலாந்தின் ஒட்டாகோ பயிற்சி பெயர் பெற்றது. கணுக்காலில் சிறு எடை கட்டிக் கால் தசைகளை வலுப்படுத்துவது, சமநிலைப் பயிற்சி, இவை வாரம் மூன்று நாள், அரை மணி நேரம், அதோடு நடை. பயிற்றுநர் சில முறை வீட்டுக்கு வந்து கற்பிப்பார். இடையில் தொலைபேசியில் விசாரிப்பார். 65 முதல் 97 வயது வரையிலான 1,016 பேரிடம் நடந்த நான்கு ஆய்வுகளைத் தொகுத்தபோது, விழுவது 35 விழுக்காடு குறைந்திருந்தது.

எல்லாவற்றையும் தூரத்திலிருந்து செய்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. முதல் முறை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லும்போது பக்கத்தில் ஆள் வேண்டும். குளியலறையில் கைப்பிடி பொருத்தத் தொலைபேசியால் ஆகாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தெரிந்தால் உடனே நேரில் மருத்துவ உதவி தேவை.

இனி மொழிக்கு வருகிறேன். ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளியை விட்டு தேசியப் பள்ளிக்குப் போனவள் நான். மருத்துவச் சொற்களை மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் கற்றேன். மனச்சோர்வு என்று எழுதத் தெரியும். ஆனால் பாட்டியிடம் அந்தச் சொல்லைச் சொன்னால், "சோர்வுதான்மா, என்னா வெயிலு" என்பார். ஒரு கிளினிக்கில் அவரிடம் கவலையா என்று மலாயில் கேட்டார்கள். இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். வீட்டுக்கு வந்து, "மனசு எப்படி இருக்கு பாட்டி?" என்றேன். "ஒண்ணும் ஓடல. சோறு இறங்கல. எதுக்கு இருக்கோம்னு இருக்கு" என்றார். கேள்விப் படிவம் தேடுவது இந்தப் பதிலைத்தான். பயிற்சி பெற்ற சாதாரண மக்கள் ஆலோசகராகலாம் என்றால், இத்தமிழைக் காதில் வாங்கத் தெரிந்த நம் மாணவர்களுக்கும் அதில் இடம் உண்டு. சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய ஹீல் 15555 மனநல அழைப்புச் சேவையைக்கூட, பல தாத்தா பாட்டிகளுக்கு நாம் உடன் அமர்ந்து அழைத்துத்தர வேண்டியிருக்கும்.

விடுதியிலிருந்து வீட்டுக்கு அழைக்கும் நண்பர்களுக்கு ஒன்று. "விழுந்தீங்களா?" என்று கேட்டால், பலர் இல்லை என்றே சொல்வார்கள், சொன்னால் சமையலறைக்குக்கூட விடமாட்டார்கள் என்ற பயம். "எங்கயாச்சும் தடுக்கிச்சா? சுவத்தைப் புடிச்சீங்களா?" என்று கேளுங்கள். என் பாட்டி அதற்கு மட்டும் உண்மையைச் சொன்னார்: அந்த வாரத்தில் மூன்று முறை.