தைலம் ஊத்தினா புழு சாகும்... அப்புறம்?

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி. சிப்காட்டில் வேலை பார்க்கும் நண்பரின் அறைக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு நீல டிரம். எட்டிப் பார்த்தால், உள்ளே தலைகீழாகத் தொங்கியபடி கொசுப்புழுக்களின் பொதுக்கூட்டம்!

"நீலகிரித் தைலம் ஊத்தினா செத்துடுமாமே ஸார்?" என்றார்.

சாகும். இந்தப் புழு வால் பக்கத்துக் குழாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டித்தான் மூச்சு விடுகிறது. எண்ணெய் படர்ந்தால் குழாய் அடைபடும். தைலம் நரம்பையும் தாக்கும். நீலகிரி, துளசி, எலுமிச்சைப்புல் தைலங்களை ஆய்வுக்கூடங்களில் சோதித்தே பார்த்துவிட்டார்கள்.

ஆனால் நான் பி.காம். ஆச்சே! வரவு செலவு பார்க்காமல் விடுவேனா? தைலம் தண்ணீரில் கரையாது, காற்றில் பறந்துவிடும். வாசனை போனதும் கொசு திரும்ப வரும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டையோ, காய்ந்த டிரம் சுவரில்கூட மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தவிர, குளிக்கிற தண்ணீரில் தைலத்தைக் கொட்டலாமா?

காலி செய்ய முடியாத சாக்கடைக்கு வேறு வழி இருக்கிறது. புதுச்சேரியில் 1975-ல் தொடங்கிய நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்தையே உருவாக்கியிருக்கிறது.

டிரம்முக்கு அதெல்லாம் வேண்டாம். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால் வாரம் ஒருமுறை கவிழ்த்து, உள்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்து, துணியால் மூடிக் கட்டினால் போதும். செலவு? பூஜ்யம்!

"அப்ப வாங்கி வெச்ச தைலம்?"

"தேய்ச்சு முடிச்சதும் முதுகு வலிக்கும். அதுக்குத் தடவிக்குங்க ஸார்!"